பறக்க மறந்த பறவையைப் பார்த்து வந்தேன்

"நியூஸிலாந்துக்குப் போய் அஞ்சு மாசம் இருந்துட்டு வந்தீங்களே, என்னக்கா பார்த்தீங்க?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை.

"தாழைக்கோழி பார்த்தேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "அதுக்கா பிளேனுக்கு அவ்வளவு பணம் கொடுத்தீங்க? நம்ம ஏரியிலேயே கிடக்குதே!" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

அவள் சொன்னதும் சரிதான். சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஏரிக்கரைப் பக்கம் போனால், கோரைப்புல்லுக்கு நடுவே நீலமாக, சிவப்பு மூக்கோடு, வாலை ஆட்டி ஆட்டி நடக்குமே, அதுதான் நீலத் தாழைக்கோழி. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னாலும் அது அங்கே இருந்தது. இப்போதும் இருக்கிறது. பழகிய பொருள், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அதனுடைய உறவுக்காரப் பறவை ஒன்று, உலகத்தின் மறுகோடியில், பறக்கத் தெரியாமல், ஆயிரம் ஆபத்துக்கு நடுவில் பிழைத்துக் கிடக்கிறது என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள ஆசை.

செருப்பைக் கழுவிக் கொடுத்தார்கள்!

2023 அக்டோபரில் என் பெண்ணின் பிரசவத்துக்காக ஆக்லாந்து போனேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து ஆக்லாந்து இன்னும் பத்து மணி நேரம். தலைச்சன் பிரசவம் ஆயிற்றே! பெட்டி நிறையப் பிரசவ லேகியத்துக்கான சாமான், பருப்புப்பொடி, வடாம் என்று அடுக்கிக்கொண்டு போனேன். மேலே ஒரு கட்டு கறிவேப்பிலையும் வைத்துவிட்டேன்.

"எது கொண்டு வந்தாலும் பாரத்துல எழுதிடும்மா, மறைக்காதே" என்று பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சொல்லாமல் கொண்டு போய் மாட்டிக்கொண்டால் 400 டாலர் அபராதமாம். எழுதிக் கொடுத்தேன். விமான நிலையத்தில் ஓர் அம்மாள் மரியாதையாகக் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார். போகட்டும். அடுத்தபடி என் செருப்பைக் கேட்டார்! திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊர்க் களிமண் அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எடுத்துப் போய்க் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்மைச் சுத்தமில்லாதவள் என்று நினைத்துவிட்டார்களோ என்று மனசு கஷ்டப்பட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் மாப்பிள்ளைதான் சமாதானம் சொன்னார்.

"எல்லாருக்கும் இப்படித்தான் அத்தை. மண்ணோட ஒரு விதையோ, பூச்சி முட்டையோ வந்துட்டா இந்த ஊருக்கு ஆபத்து. தீவு பாருங்க. ஒரு தரம் உள்ளே வந்தது திரும்பிப் போகாது."

அப்போது அதன் முழு அர்த்தம் விளங்கவில்லை.

முட்டையை அடைகாக்கும் அப்பா

பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். ராத்திரி குழந்தை அழுதால் பெண்ணுக்கு முன்னால் மாப்பிள்ளை எழுந்துவிடுவார். துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டுவது எல்லாம் அவர்தான். எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. "நீங்க படுங்க, காலையில வேலைக்குப் போகணுமே" என்பேன்.

"கிவி ஊருக்கு வந்துட்டு இதுகூடச் செய்யலைன்னா எப்படி அத்தை?" என்று சிரித்தார்.

கிவி என்றால் நமக்கு ஷூ பாலிஷும் பழமும்தான் ஞாபகம் வரும். கிவி அந்த நாட்டின் தேசியப் பறவை. நம் நாட்டுக்கோழி அளவுதான் இருக்கும். இறக்கை இருக்கிற இடமே தெரியாது. பறக்காது. ஆனால் பெட்டை போடுகிற முட்டை எவ்வளவு பெரிசு தெரியுமா? தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் இருக்கும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் 10 கிலோ குழந்தையைச் சுமந்தால் எப்படியோ, அப்படி! முட்டை வயிற்றை அடைத்துக்கொள்வதால் கடைசி நாட்களில் தாய்க்கு இரை எடுக்கவே இடம் இருக்காதாம். அத்தனை பாடுபட்டுப் போட்டதற்குப் பிறகு பழுப்புக் கிவி வகையில் அடைகாப்பது ஆண் பறவை. இரண்டரை மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும். இதைக் கேட்டதிலிருந்து நான் மாப்பிள்ளையைத் தடுக்கவில்லை!

ஆனால் இப்படிப் பொரிந்த குஞ்சுகளில், காவல் இல்லாத காட்டில், 20-க்கு ஒன்றுதான் பெரிசாகிறதாம். மற்றதில் பெரும்பாலானவை இரையாகிவிடுகின்றன. கையில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது.

இதைப் பற்றி நான் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், "அம்மா, உன்னை ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் பெண். குழந்தைக்கு இரண்டரை மாதம் ஆனதும், 2024 ஜனவரியில் கிளம்பினோம். நமக்குத் தை மாதக் குளிர்; அங்கே நல்ல கோடை.

ஒயர் கூடைக்கு அனுமதி இல்லை

அந்தத் தீவின் பெயர் டிரிடிரி மாடங்கி. ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணிக்கு மேலேயே ஆகும். அங்கே ஓட்டல் கிடையாது, சாப்பாடு கையோடு கொண்டுபோக வேண்டும் என்றார்கள். விடுவேனா? விடியற்காலையில் எழுந்து புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம் கட்டி, ஊரிலிருந்து கொண்டுபோன ஒயர் கூடையில் வைத்துக்கொண்டேன்.

படகுத்துறையில் நிறுத்திவிட்டார்கள்! மூடி இல்லாத பை எதுவும் தீவுக்குள் வரக்கூடாதாம். ஜிப் வைத்து இழுத்து மூடுகிற பைதான் வேண்டும். ஏன் என்றால், திறந்த பையில் ஒரு சுண்டெலி ஏறிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அத்தனை பேரும் பையைத் திறந்து எலி, எறும்பு, விதை இருக்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். செருப்படியைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். மாப்பிள்ளை தன் முதுகுப்பையைக் காலி பண்ணிச் சாப்பாட்டை அதில் மாற்றினார். பிள்ளைத்துணிப் பையைக்கூட உதறிப் பார்த்தோம். இந்தத் தடவை எனக்கு வெட்கம் வரவில்லை. கோயிலுக்குப் போகும்போது வாசலில் கால் கழுவுகிறோமே, அப்படித்தான் என்று தோன்றியது.

தீவு சின்னதுதான். 220 ஹெக்டேர், அதாவது ஐந்நூற்றைம்பது ஏக்கருக்குக் கொஞ்சம் கீழே. 1865-லிருந்து எரிகிற ஒரு கலங்கரை விளக்கம் உச்சியில் நிற்கிறது. ஒரு நூறு வருஷத்துக்கு மேலாக ஆடு மாடு மேய்த்து, மரமெல்லாம் வெட்டி, மொட்டையாகக் கிடந்த இடமாம். 1984-லிருந்து 1994 வரைக்கும் பத்து வருஷம் பொதுஜனங்களே, பள்ளிப் பிள்ளைகள் முதல் தாத்தா பாட்டி வரைக்கும், படகில் வந்து வந்து கன்று நட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 2,80,000 கன்றுகள்! 1993-ல் தீவிலிருந்த எலிகளை ஒழித்தார்கள். இப்போது பாதையின் இரண்டு பக்கமும் நிழல். காது நிறையப் பறவைச் சத்தம். பேத்திகூட அழாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மயில்கழுத்துப் பட்டு உடுத்தியவள்

மேலே புல்வெளியில் சாப்பாட்டைப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தோம். பெண் என் கையைப் பிடித்து அழுத்தி, "அம்மா, அங்கே பாரு" என்றாள்.

பத்தடி தூரத்தில் நின்றது. பெயர் டக்கஹே.

நம் ஏரித் தாழைக்கோழியை நாலு பங்கு பெருக்கினாற்போல் ஓர் உருவம். 3 கிலோ இருக்கும். காஞ்சிபுரத்தில் மயில்கழுத்து நிறத்தில் பட்டு நெய்வார்களே, நீலமும் பச்சையும் கலந்து வெயிலுக்கு வெயில் மாறுமே, அப்படியே கழுத்தும் முதுகும். அதற்கு அரக்குக் கரை போட்டாற்போல் தடித்த சிவப்பு மூக்கு, சிவந்த கால். அவசரமே இல்லாமல், ஐம்பது பேருக்குச் சமைத்துப் போட்ட பெரியம்மா மாதிரி நிதானமாக நடந்தது. பின்னாலேயே கறுப்புப் பஞ்சு உருண்டையாக ஒரு குஞ்சு.

ஒரு புல்லைப் பிடுங்கியது. காலால் பிடித்துக்கொண்டு, அடியிலிருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் கடித்தது; மேல் பாகத்தை அப்படியே கீழே போட்டது. நாம் வாழைத்தண்டு நறுக்கும்போது பட்டையைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதை எடுப்பதில்லையா? அடுத்த குருத்தைக் குஞ்சின் வாயில் வைத்தது. நான் என்னை அறியாமல் கையிலிருந்த சோற்றை நீட்டப் போனேன்.

"கொடுக்காதீங்க அத்தை, கூடாது" என்று மாப்பிள்ளை தடுத்தார். முன்பு இதே தீவில் கிரெக் என்று ஒரு டக்கஹே இருந்ததாம். வருகிறவர்கள் மடியிலிருந்தே ரொட்டியைப் பறித்துக்கொண்டு போவானாம்! 2012-ல் அவன் செத்தபோது ஊரெல்லாம் துக்கப்பட்டதாம். ஆனாலும் நம் சாப்பாடு அதற்கு ஆகாது. புல்தான் அதற்கு உணவு.

ஏன் பறக்காது?

எங்களோடு வந்த வழிகாட்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. சம்பளமில்லாமல் சேவை செய்பவர். அவர் சொல்ல, என் பெண் தமிழில் சொன்னாள். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நியூஸிலாந்து மற்ற நிலங்களிலிருந்து பிரிந்து கோடிக்கணக்கான வருஷம் ஆகிறது. அங்கே பூனை இல்லை, நாய் இல்லை, கீரி இல்லை, எலிகூட இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் தரைப் பிராணி என்றால் வௌவால் மட்டும்தான். தாழைக்கோழி இனத்துப் பறவைகள் எப்போதோ கடல் தாண்டி வந்து இறங்கின. தரையில் பயமில்லை, தின்னப் புல் இருக்கிறது. பறப்பது என்பது உடம்புக்குப் பெரிய செலவு. தேவையில்லாத செலவை யார் செய்வார்கள்? தலைமுறை தலைமுறையாக உடம்பு பெருத்தது, இறக்கை சிறுத்தது. இப்போது அந்த இறக்கை துணையைக் கவரவும் சண்டையில் மிரட்டவும்தான் உதவுகிறது.

"பறக்கத் தெரியாத அசட்டுப் பறவை என்று சொல்லாதீர்கள். அது அசடு இல்லை. அது வாழ்ந்த வீட்டுக்குக் கதவே தேவைப்படவில்லை" என்றார் அந்த அம்மாள்.

கதவில்லாத வீட்டுக்குள் மனிதர்கள் வந்தார்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்பு மாவோரி மக்களோடு எலியும் நாயும் வந்தன. பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். வேட்டைக்கு முயலை விட்டார்கள். முயல் பெருகிப் பயிரைத் தின்றதும், அதைப் பிடிக்க 1880-களில் ஸ்டோட் என்ற, நம் கீரிப்பிள்ளை போன்ற பிராணியைக் கொண்டுவந்தார்கள். முயலைத் துரத்திப் பிடிப்பதைவிடத் தரையில் கூடு கட்டும் பறவையைப் பிடிப்பது சுலபம் ஆயிற்றே! மான்களையும் கொண்டுவந்து விட்டார்கள். அவை டக்கஹே தின்னும் மலைப்புல்லையே மேய்ந்தன.

பூனையின் கதை இன்னும் மோசம். ஸ்டீஃபன்ஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. 1894-ல் அங்கே கலங்கரை விளக்கம் வைத்துக் குடும்பங்கள் குடியேறின. கூடவே வீட்டுப்பூனையும். அந்தத் தீவில் பறக்காத ஒரு சிட்டுக்குருவி போன்ற பறவை இருந்தது. பூனை பிடித்து வந்து வாசலில் போட்டபோதுதான் அப்படி ஒரு பறவை இருப்பதே வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பூனை பெருகியது, சில வருஷங்களில் அந்த இனமே முடிந்துவிட்டது. நம் தமிழர்கள் நிறைய வாழும் மொரிஷியஸ் தீவில் டோடோ என்ற பறவை 1600-களில் அழிந்ததும் இதே மாதிரிதான். மனிதன் அடித்தது பாதி. அவன் கப்பலில் வந்த பன்றியும் எலியும் குரங்கும் முட்டையைத் தின்றது பாதி.

கப்பல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வெலிங்டன் நகரத்து டே பாப்பா மியூசியத்தில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. பழைய தமிழ் எழுத்தில், முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பல் மணி என்று பொறித்திருக்கிறது! 1836 வாக்கில் ஒரு பாதிரியார் அதைப் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். எந்தக் கப்பல், எப்படிப் போயிற்று என்று இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. கப்பல் போகிற இடத்துக்கு மணியும் போகும், எலியும் போகும். மணியால் கெடுதல் இல்லை!

ஐம்பது வருஷம் செத்துப் பிழைத்தது

டக்கஹேயைப் பற்றிக் கேளுங்கள். 1898-ல் ஒரு பறவை நாயிடம் சிக்கியது. அதற்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. இனம் அழிந்துவிட்டது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். ஆனால் இன்வர்கார்கில் ஊரில் ஜெஃப்ரி ஆர்பெல் என்று ஒரு டாக்டர். அவருக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை. டே அனாவ் ஏரிக்கு மேலே உள்ள மர்சிசன் மலைகளில் தேடினார். இனம் தெரியாத கால்தடங்களைப் பார்த்துவிட்டு மறுபடி போனார். 1948 நவம்பர் 20-ந் தேதி பறவையையே கண்டார். ஐம்பது வருஷத்துக்கு முன் செத்ததாக எழுதிய உயிர், புல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தது!

கண்டுபிடித்துவிட்டால் போதுமா? காப்பாற்ற வேண்டாமா? 1982 வாக்கில் கணக்கெடுத்தால் 118 பறவைதான் மிச்சம். டே அனாவ் பக்கத்தில் பர்வுட் என்ற இடத்தில் வளர்ப்பு நிலையம் வைத்தார்கள். கூட்டில் உபரியாக இருந்த முட்டையை எடுத்து வந்து இயந்திரத்தில் பொரிக்க வைத்தார்கள். குஞ்சுக்கு மனிதன் கையால் ஊட்டினால், அது மனிதனையே தாய் என்று நினைத்துக்கொள்ளுமே? அதற்காகத் தாய்ப்பறவையின் தலையைப் போல ஒரு பொம்மை செய்து, கையில் மாட்டிக்கொண்டு, அதன் சிவப்பு மூக்கால் ஊட்டினார்களாம். இதைக் கேட்டதும் நான் பேத்திக்குப் போர்த்தியிருந்த துணியைச் சரி செய்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாளில் பொம்மையை நிறுத்திவிட்டுப் பறவைகளையே குஞ்சு வளர்க்க விட்டுவிட்டார்கள்.

இத்தனை பார்த்தும் இடறல்கள். 2007-ல் ஸ்டோட்கள் பெருகி, மலையில் இருந்த டக்கஹேக்களில் பாதி போல அழிந்தன. 2015-ல் இன்னும் வருத்தமான சங்கதி. அங்கே பூக்கெக்கோ என்று ஒரு பறவை உண்டு. நம் தாழைக்கோழிக்கு நெருங்கிய உறவுதான், பறக்கும், ஏராளமாக இருக்கும். மோட்டுடாப்பு என்ற தீவில் அதன் எண்ணிக்கையைக் குறைக்கப் போன துப்பாக்கிக்காரர்கள், நிறத்தைப் பார்த்து ஏமாந்து நாலு டக்கஹேயைச் சுட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்த தப்புக்கு நம் பிள்ளை அடி வாங்கினதுபோல!

அப்படியும் விடவில்லை. 2023-ல் எண்ணிக்கை 500-ஐத் தொட்டது. அந்த வருஷம் ஆகஸ்டில் தென்தீவில் கிரீன்ஸ்டோன் பள்ளத்தாக்கில் 18 பறவைகளைத் திறந்த வெளியில் விட்டார்கள். மாவோரி மக்களுக்குச் சொந்தமான நிலம் அது. அவர்களுடைய முன்னோர் பார்த்த பறவை, நூறு வருஷத்துக்குப் பிறகு அந்த மண்ணை மிதித்தது. காக்காப்போ என்று பறக்காத கிளி ஒன்று உண்டு. 1995-ல் 51 தான் இருந்தது, 2022-ல் 250-ஐத் தாண்டியது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது நம் வேலை மாதிரி அல்லவா?

கிளம்பும்போது அந்த வழிகாட்டி அம்மாளிடம், "இங்கே நீங்கள் தினம் என்ன வேலை செய்வீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்புவது. தீனிப் பாத்திரம் தேய்ப்பது. களை எடுப்பது. எலிப்பொறியும் மைத்தடப் பெட்டியும் பார்ப்பது. எலி வந்திருந்தால் மையில் கால் தடம் விழுமாம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது. நாளைக்கு மறுபடி முதலிலிருந்து.

"இது எங்க வீட்டு வேலை மாதிரியே இருக்கே!" என்றேன். பெண் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம், செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு வாரம் விட்டால் எல்லார் கண்ணுக்கும் தெரியும்!" என்றார்.

மொழி தெரியாத ஊரில் என் மனசைப் படித்தவர் அவர்தான். ஒரு பறவை இனத்தைக் காப்பாற்றுவது என்றால் விஞ்ஞானிகள், ஹெலிகாப்டர், பெரிய பணம் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் வேண்டும்தான். ஆனால் முக்கால்வாசி வேலை கழுவுவதும், பெருக்குவதும், மூடி வைப்பதும், எண்ணிப் பார்ப்பதுமாக இருக்கிறது. வேண்டாதது உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிற வேலை. நமக்குத் தெரியாத வேலையா அது?

ஊருக்குத் திரும்பியபின்

2024 மார்ச் கடைசியில் ஊர் திரும்பினேன். நாலு நாள் கழித்து ஒரு விசேஷம். மிஞ்சின சாதம், இலை எல்லாம் ஏரிக்கரையில்தான் கொட்டுவோம். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் எத்தனையோ தடவை கொட்டியிருக்கிறேன். "மாடு தின்னும்" என்று சமாதானம்.

அன்றைக்குக் கூடையோடு போனவள் நின்றுவிட்டேன். கொட்டின இடத்தில் ஏழெட்டு நாய். கரைச் சரிவெல்லாம் பெருச்சாளி வளை. பத்தடி தள்ளிக் கோரைப்புல். அதற்குள்தான் தாழைக்கோழி கூடு கட்டும். நம் பறவை பறக்கும், வாஸ்தவம். ஆனால் அதன் முட்டை பறக்குமா? குஞ்சு பறக்குமா? அந்த வெள்ளைக்காரன் ஸ்டோட்டைக் கப்பலில் கொண்டுவந்தான். நான் சோற்றைக் கொட்டி எலியையும் நாயையும் கரைக்கு அழைக்கிறேன். என்ன வித்தியாசம்? கூடையைத் திருப்பி எடுத்து வந்து, தோட்டத்தில் குழி தோண்டி மூடினேன்.

அந்த மாசம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "கம்பெனிக்காரன் ஏரிப்பக்கம் எத்தனை கட்டடம் கட்டியிருக்கான், அதைக் கேட்காம நம்ம இலையைப் பத்திப் பேசறீங்களே அக்கா" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டது நியாயம்தான். பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனிச் சம்பளத்தில்தான் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரிகிறது. நம் பெண்பிள்ளைகள் நாலு காசு சம்பாதித்துத் தலைநிமிர்ந்து நடக்கிறார்கள். அதையும் மறக்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் வருகிறவரை, என் கையிலிருக்கிற கூடையை எங்கே கொட்டுவது என்பதை நான் தீர்மானிக்கலாமே?

"வேடந்தாங்கல் என்ன வெளிநாடா? நம்ம பக்கந்தானே" என்றார் ஒரு பெரியம்மா. வேடந்தாங்கல் ஊர் ஜனங்கள் இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஏரிப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அவர்களும் நம்மைப் போலக் குடும்பம் நடத்துகிறவர்கள்தானே!

கூட்டத்தில் இருந்த 14 பேரில் 6 பேர் ஒத்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டுக்குப் பின்னால் குழி. இடமில்லாதவர்களுக்கு என் வீட்டுக் குழி. ஆறு மாசத்தில் மக்கிய எரு கிடைத்தது. மல்லிகைச் செடி அதற்குப் பிறகு பூத்ததைப் பார்த்து இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். பூனை வளர்க்கும் வீட்டில், இருட்டினபின் அதை உள்ளே வைத்துச் சாத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி செய்கிறாள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மார்கழியில் ஒரு நாள், கோலம் போட்டு முடித்துக் கரைப்பக்கம் நடந்தேன். பனி விலகவில்லை. கோரைக்கு வெளியே தாழைக்கோழி ஒன்று வந்தது. மயில்கழுத்து நிறம், சிவப்பு மூக்கு. பின்னால் கறுப்புப் பஞ்சாக மூன்று குஞ்சு. மூச்சை அடக்கிக்கொண்டு நின்று பார்த்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக.

அடுத்த வாரம் போனபோது இரண்டு குஞ்சுதான் இருந்தது. மூன்றாவதுக்கு என்ன ஆயிற்றோ! அந்த இரண்டையும் போனில் படம் பிடித்துப் பெண்ணுக்கு அனுப்பினேன். ராத்திரி பேசினாள். மடியில் உட்கார்ந்திருந்த பேத்தி படத்தில் விரல் வைத்து ஏதோ மழலையில் கத்தினாள்.

"என்னம்மா, தினமும் போய் எண்ணறியா?" என்றாள் பெண்.

"ஆமாண்டி" என்றேன். "வாசல் தெளிக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலையாப் போச்சு."